சும்மா ஊத்துக்குளிக்குப் போனவள்

பாதுகாப்பு என்ற நல்ல சொல்லை இன்னும் எத்தனை காலத்துக்கு இப்படிக் கெடுக்கப் போகிறீர்கள்?

போன மாதம் ஒரு கம்பெனியின் பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பர்சனல் ஆபீசர், புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லட்டும் என்று. உங்களில் ஒருவர் திரையில் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். விடுதிப் பெண்கள் கேட்டைத் தாண்டும்போது விரல் ரேகை வைக்க வேண்டுமாம். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், யாரோடு போகிறாள், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுமாம். "டோட்டல் சேஃப்டி சார்" என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. எழுந்து பேசினேன். கோபத்தில் பாதியோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள். நான் செய்ததைச் செய்ய உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அதற்குள் படித்துவிடுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் பர்சனல் ஆபீசர். ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தன. கம்பெனிக்குப் பின்னாலேயே மூன்று மாடி விடுதி. தென் மாவட்டங்களிலிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே தங்கி வேலை செய்தார்கள். கொண்டுவந்து விடுகிற பெற்றோர்களிடம், "உங்க புள்ளைய எங்க புள்ளையாட்டப் பாத்துக்குவமுங்க" என்று சொல்வது என் வேலை. மனப்பாடமாகச் சொல்வேன்.

அந்தப் பெண்கள் வெளியே போக வேண்டுமானால் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். பெயர், பிரிவு, போகும் நேரம், வரும் நேரம், காரணம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அந்தச் சீட்டைத் தயாரித்து அச்சுக்கு அனுப்பியவன் நான். காரணம் என்ற கட்டம்தான் அதில் பெரியது. கோயில், சர்ச், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது: இவை செல்லும். வேறு எதுவும் செல்லாது. ஒரு பெண் 'சினிமா' என்று எழுதியபோது அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் புத்தி சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஏனென்றால் நான் தினமும் நாலு மணிக்குக் கேட்டைத் தாண்டிப் போவேன். எதிர்க்கடையில் ஒரு டீ, ஒரு உருளைக்கிழங்கு போண்டா. பத்து நிமிஷம் ரோட்டோரம் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்ப்பேன். டீ உள்ளேயே கொடுத்தார்கள். இருந்தாலும் வெளியே போவேன். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் எனக்கு அன்றைய பொழுது போனதாகவே தோன்றாது. எதற்குப் போகிறாய் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

ஜெசிந்தா என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. செக்கிங் பிரிவில், தைத்து வரும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. கடற்கரைப் பக்கம் ஊர், அப்பா உப்பளத்தில் கூலி. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் மேல் ஒரு புகார் கிடையாது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சுருக்கமாகச் சொன்னால், எதுவுமே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சீட்டு கொடுத்துவிட்டு வெளியே போனாள். காரணம்: சர்ச். ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்குப் பெயர் வாசித்தபோது ஆள் இல்லை. வார்டன் அம்மா எனக்குப் போன் செய்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன்.

வார்டன் அறையில் உட்கார்ந்து ஜி.எம்.முக்கு மொபைலில் சொன்னேன். எங்கள் பொது மேலாளரை எல்லோரும் ஜி.எம். என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதலில் கேட்டது, "எந்தப் பையன்கூடங்க?" என்று.

"தெரியலீங்க."

"வேற எங்க போயிருப்பா? ஓடித்தான் போயிருப்பா. ஏனுங்க, புதன்கிழமை ஆடிட் இருக்குது. நெனப்பு இருக்குதுங்களா?"

இருந்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்களின் ஆட்கள் புதன்கிழமை வந்து விடுதியைச் சோதிக்கப் போகிறார்கள். பெண் காணவில்லை என்று போலீசுக்குப் போனால் எழுத்தில் பதிந்துவிடும். அவர்கள் அதைப் பார்த்தால் ஆர்டர் போகும்.

"ஒண்ணு பண்ணுங்க. அவ சனிக்கிழமையே வேலைய விட்டு நின்னுட்டதா ஒரு லெட்டர் போட்டு வைங்க. பொட்டியக் கட்டி ஓரமா வெச்சிருங்க. பெத்தவங்களுக்கு இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். 'சரிங்க' என்றேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'என் சொந்த விருப்பத்தின் பேரில் இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அந்தப் பெண் எழுதியதுபோல என் கையாலேயே எழுதினேன். மேலே சனிக்கிழமைத் தேதி போட்டேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்று மெதுவாக எழுதினேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள்.

முதலில் வந்தவள் ஜெசிந்தாவின் அறைத்தோழி முத்துச்செல்வி. கதவோரம் நின்று, "சார், அவ எப்பவும் மாடியில நின்னு ரயிலயே பாத்துட்டிருப்பா சார். ஸ்டேஷன்ல போயி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றாள். அவளும் இதற்கு உடந்தையோ என்று நினைத்தேன். "ரூமுக்குப் போம்மா" என்றேன்.

அடுத்து வாட்ச்மேன். "சார், ஆபீஸ்ல போன் அடிச்சுட்டே இருக்குதுங்க. நாலஞ்சு வாட்டி அடிச்சு நின்னுருச்சு. சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

"ஞாயித்துக்கெழமை எவன் கூப்புடறான்? விடுய்யா" என்றேன்.

சாவி என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. ஆபீஸ் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் செய்த தப்புகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்த நாற்பது அடியைத்தான் முதலில் சொல்வேன். ஒரு பெண்ணைக் காணோம். பூட்டிய அறையில் போன் திரும்பத் திரும்ப அடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை தெரியுமா? அவளைத் தேட வேண்டும் என்ற எண்ணமே என்னிடம் இல்லை. அவளை எப்படிக் கணக்கிலிருந்து எடுப்பது என்பதில்தான் என் மூளை முழுவதும் இருந்தது. அதை எங்கள் பாஷையில் நெருக்கடி மேலாண்மை என்போம். உங்கள் பாடப்புத்தகத்திலும் இருக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் ஆபீசைத் திறந்துகொண்டிருந்தபோதே போன் அடித்தது. பெண் குரல்.

"ஏனுங்க, பனியன் கம்பெனிங்களா? உங்க கம்பெனிப் புள்ள ஒண்ணு நேத்துலருந்து எங்கூட்ல இருக்குதுங்க. ஜெசிந்தான்னு பேரு. கால்ல அடிங்க. பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க. நேத்துப் பொழுதோட எத்தனை வாட்டி கூப்பிட்டனுங்க! ஒருத்தருமே எடுக்கலீங்களே?"

பேசியவர் பெயர் தங்கமணி. ஊத்துக்குளிப் பக்கம் தோட்டம், எருமைகள், பால் வியாபாரம். ஜெசிந்தா கழுத்தில் மாட்டியிருந்த கம்பெனி அட்டையைப் பார்த்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அட்டையின் பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தோம் என்று நினைவுபடுத்திக்கொண்டேன். 'இந்த அட்டை கண்டெடுக்கப்பட்டால் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்.' அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்று யோசித்திருந்தோம். அட்டையைப் போட்டிருக்கிற பெண் தொலைந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

ஜி.எம்.மிடம் சொன்னேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி எதற்கு என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. "நல்லதாப் போச்சுங்க. நேராப் போயி அந்த லெட்டர்ல கையெழுத்து வாங்கிருங்க. அப்படியே ஊர் பஸ்ஸுல ஏத்திவிட்டுருங்க. இங்க கூட்டீட்டு வர வேண்டாம்."

கடிதத்தைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வார்டன் அம்மாவோடு கம்பெனி ஜீப்பில் ஊத்துக்குளிக்குப் போனேன். வழி முழுவதும் அவளை என்ன கேட்பது, எப்படி மிரட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

தோட்டத்து வாசலில் இறங்கியபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. ஒரு எருமைக் கன்று அவள் தாவணியை வாயில் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று இழுத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. எழுந்து நிற்கப் பார்த்தாள். காலை ஊன்ற முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

நண்பர்களே, உங்களைப் பார்த்ததும் ஒருவருடைய சிரிப்பு நின்றுபோனால், அதைவிடப் பெரிய அறிக்கை உங்களைப் பற்றி வேறு யாரும் எழுத முடியாது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு இங்க வந்தே?" என்றேன்.

"சும்மாதான் சார்."

"சும்மான்னா?"

"சும்மாதான் சார். ரயில்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்து போவணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். பாசஞ்சர்ல ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் இதுதான்னு சொன்னாவ. எறங்கிட்டேன்."

"யாரைப் பாக்க வந்தே?"

"யாரையும் இல்ல சார்."

"உண்மையச் சொல்லு. யாரு அந்தப் பையன்?"

"பையன்லாம் இல்ல சார். ரோட்டோரத்துல ஒரு கடையில மோர் குடிச்சேன். கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு பாலத்துல உக்காந்து ஆடு மேயிறதப் பாத்துட்டிருந்தேன். ஒரு மணி நேரம் சார். அந்த ஒரு மணி நேரமும் யாரும் என்னைய ஒண்ணுமே சொல்லல."

கடைசி வரியைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் அதையும் நம்பவில்லை. திரும்பி வரும்போது ரயில் ஏறப் படியில் கால் வைத்தவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கிவிட்டது. ரயில் போய்விட்டது. யாரையோ ரயிலேற்றிவிட வந்திருந்த தங்கமணி, பிளாட்பாரத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்திருக்கிறார். தன் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்பின் தெரியாத பெண். என்ன ஊர், என்ன சாதி, என்ன காரணம், ஒன்றும் கேட்கவில்லை. கால் வலிக்கிறதா, பசிக்கிறதா, இரண்டைத்தான் கேட்டாராம்.

நான் மூன்றாவது முறையாக, "நெஜமாச் சொல்லு, யாரைப் பாக்க வந்தே?" என்றேன்.

அதுவரை கன்றைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்த தங்கமணி அப்படியே நிமிர்ந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் சாணம். முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, நானும் பாத்துட்டே இருக்கறேன். அந்தப் புள்ள சும்மா வந்தேன்னு ரெண்டு வாட்டி சொல்லிப்போட்டா. ஒரு புள்ள சும்மா ஒரு எடத்துக்குப் போகப்படாதுங்களா? ஒரு வாய் மோர் குடிக்கப்படாதுங்களா? நீங்க வந்து இத்தனை நேரம் ஆச்சு. கால் எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வார்டன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேள்வி கேட்க இவர் யார் என்ற கோபம். வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பாக்கெட்டிலிருந்து கடிதத்தை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினேன். "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றேன்.

அவள் வாங்கிப் படித்தாள். புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"சார், சனிக்கிழமை நான் வேலை பாத்தேனே சார். சாயங்காலம் வரைக்கும் செக்கிங்ல இருந்தேனே."

"என்ன கண்ணு அது? சத்தமாப் படி" என்றார் தங்கமணி.

அவள் படித்தாள். நான் மெதுவாக, தெளிவாக எழுதிய வரிகள். இரண்டே வரி. தங்கமணி கையிலிருந்த சாணத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பிறகு குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"இத எப்ப எழுதுனீங்க?"

நான் கடிதத்தை வாங்கக் கையை நீட்டினேன்.

"நேத்து எழுதுனீங்களா? நான் அங்க போன் அடிச்சுட்டு இருக்கறப்ப எழுதுனீங்களா?"

நான் ஜீப் நின்ற பக்கம் பார்த்தேன்.

"அப்ப, இந்தப் புள்ள ரயில்ல அடிபட்டுச் செத்துப்போயிருந்தா, இவ எங்க கம்பெனிப் புள்ளையே இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. அதுக்குத்தானுங்க இந்தக் கடுதாசி?"

எழுதும்போது நான் அதை அப்படி யோசிக்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? ஆடிட், ஆர்டர், தேதி என்றுதான் யோசித்தேன். எருமை கட்டுகிற ஒரு பெண்மணி ஒரே தடவை கேட்டுவிட்டு அந்தத் தாளின் பொருள் என்ன என்று சொல்லிவிட்டார். அவள் செத்துப் போயிருந்தாலும் அது பயன்படும் என்பதுதான் அதன் பொருள்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பாக்கெட்டில் வைத்தேன். கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. ஜி.எம்.முக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அப்போதும் இருந்தது. "சரி, கிளம்பு, போகலாம்" என்று மட்டும் ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"அவ உங்ககூட வர மாட்டாளுங்க" என்றார் தங்கமணி. "நேத்தே அவ ஊர்ல பக்கத்தூட்டு நெம்பருக்குப் பேசி அவங்கப்பாவக் கூப்புட்டாச்சுங்க. நாளைக்குக் காலையில வந்துருவாரு. அவருகூட நானே கூட்டீட்டு வர்றேன். நீங்க போங்க." போகும்போது ஒரு சொம்பில் மோரைக் கொண்டுவந்து நீட்டினார். "வெயில்ல வந்திருக்கறீங்க. குடிச்சுப்போட்டுப் போங்க." கோபம் கொஞ்சமும் குறையாத முகத்தோடுதான் கொடுத்தார். நான் குடித்தேன். வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு வெட்கத்தோடு குடித்ததில்லை. ஆனால் ருசியாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

கையெழுத்து வாங்க முடியவில்லை, நாளைக்கு அப்பாவோடு வருகிறாள் என்று மட்டும் ஜி.எம்.மிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் மூவரும் வந்தார்கள். ஜெசிந்தா நொண்டிக்கொண்டு, ஒரு கையை அப்பாவின் தோளிலும் இன்னொரு கையைத் தங்கமணியின் தோளிலும் போட்டிருந்தாள். அப்பா ஒல்லியான மனிதர். உப்பில் வெந்துபோன பாதங்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

ஜி.எம். தன் அறையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. "இந்தா பாருங்க பெரியவரே, உங்க பொண்ணு சர்ச்சுக்குப் போறேன்னு பொய் சொல்லீட்டு ஊர் சுத்தப் போயிருக்குது. நாங்க எவ்வளவு பொறுப்பா வெச்சிருக்கறோம்? எங்க பேரு என்ன ஆகறது?" என்று ஆரம்பித்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். "தப்புதான்யா. சின்னப்புள்ள. மன்னிச்சிருங்கய்யா. உங்கள நம்பித்தான் விட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜி.எம். நிறுத்தவில்லை. பொண்ணு வளர்ப்பு, மானம் மரியாதை என்று போய்க்கொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பி மகளை அடிக்கக் கையை ஓங்கினார். ஒற்றைக் காலில் நின்ற பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அய்யா, அடிக்காதீங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை. அன்றைக்கும் பாக்கெட்டில் வைத்திருந்த கடிதத்தை எடுத்தேன்.

"அவ பொய் சொன்னது அரைப் பக்கச் சீட்டுலதாங்க. நாங்க சொன்ன பொய் இது. உங்க பொண்ணு சனிக்கிழமையே வேலைய விட்டுப் போயிட்டதா ஞாயித்துக்கிழமை நான் எழுதுனது. அவ எங்க இருக்கறான்னு தெரியாதப்பவே எழுதுனேன். இந்தம்மா போன் பண்ணிட்டே இருந்தாங்க. நான் எடுக்கலை. போலீசுக்குப் போகலை. ரயில் ஸ்டேஷன்ல போயித் தேடலை. உங்களுக்கும் சொல்லலை."

ஜி.எம். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்பாவின் ஓங்கிய கை மெல்லக் கீழே வந்தது. கூப்பிய கை மறுபடி கூப்பவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சரியாகக் காதில் விழவில்லையோ என்று சந்தேகப்படுகிறவரைப் போல.

"அப்பம்... தேடவே இல்லியாய்யா?"

நான் முதலாளிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆடிட்டர்கள் குடைந்து குடைந்து கேட்ட கேள்விகளுக்கு வியர்க்க வியர்க்கப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று சொல்லுக்கு நின்றதுபோல எதற்கும் நின்றதில்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஜி.எம்.மின் குரல் அந்த நிமிஷத்தில் மாறிவிட்டது. உட்காருங்க என்றார், டீ கொண்டுவரச் சொன்னார், பொண்ணு தாராளமா வேலைக்கு வரட்டும் என்றார்.

"நான் இங்க இருக்க மாட்டேன் சார்" என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான் அவள் சொன்னது. பெட்டி ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த வேலையை நாங்கள் மிச்சப்படுத்தியிருந்தோம். முத்துச்செல்வி அதைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். கால் சரியான பிறகு ஜெசிந்தா திருப்பூரிலேயே அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, ஊர்க்காரப் பெண்கள் மூன்று பேரோடு வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டாள் என்று பிற்பாடு முத்துச்செல்விதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊத்துக்குளிக்கும் போவாளாம்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கருணையால் இல்லை. கடிதம் வெளியே போயிருந்தது; அதை எழுதியவனும் வெளியே போக வேண்டாம் என்று நினைத்தார்கள். ஜி.எம். அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. புதன்கிழமை ஆடிட் நன்றாகவே முடிந்தது. வந்தவர்களில் ஒருவர் விடுதிச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக எங்கேயும் பார்த்ததில்லை என்று எனக்குக் கை கொடுத்தார். என் கை கூசியது. உங்கள் திரையில் ஓடிய படத்துக்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்டு நான் ஏன் அப்படிக் கொதித்தேன் என்று இப்போது தெரிகிறதா?

அந்த வாரச் சனிக்கிழமை காலையில் முத்துச்செல்வி ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். மறுநாள் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: சும்மா.

வைத்துவிட்டுப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பயம் இருந்தது; அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது. நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் நின்றிருந்தாள். அவள் சீட்டிலும் சும்மா. அடுத்தவள் சீட்டிலும் அதேதான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். வரிசை கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, மாடிப்படி வரைக்கும் போயிருந்தது.

ஜி.எம்.மிடமிருந்து இன்டர்காம் வந்தது. "என்ன கூட்டமுங்க அது? சங்கமா? ஒரு சீட்டுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"பாதி போட்டுட்டனுங்க" என்றேன். அப்போது மூன்றாவது சீட்டில்தான் இருந்தேன். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. போனை வைத்துவிட்டு மீதி எல்லாவற்றிலும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவர்கள் போனார்கள். நான் லீவு நாளிலும் வந்து, ஆபீஸ் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கவில்லை. ஆறு மணிக்குள் அத்தனை பேரும் திரும்பியிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். எந்தப் பெண் எங்கே போனாள், என்ன செய்தாள், யாரைப் பார்த்தாள் என்று ஒவ்வொருத்தியாக விசாரித்து மதியத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றார். அவர் கேட்ட எத்தனையோ அறிக்கைகளைக் கேட்ட நேரத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்தவன் நான். "அது நமக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அந்த அறிக்கையை எழுதவில்லை. அந்தப் பெண்கள் அன்றைக்கு எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.